பால் தேத்தண்ணி நிறத்தில் வந்த ஒயில்: பழைய ஹைலக்ஸுக்கு முதலில் செய்த வேலைகள்

என் பழைய ஹைலக்ஸின் முன் டிஃப் (எக்சலின் நடுவில் இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற கியர் பெட்டி) ஒயிலில் தண்ணீர் சேருவது கடைசியில் நின்றுவிட்டது. மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) சில்லின் ஹப் மூடுகிற ஆழத்துக்கு இறங்கி ஏறிய பிறகும் ஒயில் தெளிந்த மஞ்சளாகவே வருகிறது. இந்த இடத்துக்கு வந்துசேர நான் போன வழி கொஞ்சம் சுற்றுவழி. பழைய நாலு சில்லு இழுவை வண்டி வாங்கியிருப்பவர்களுக்கும், வாங்க யோசிப்பவர்களுக்கும் அந்தச் சுற்று மிச்சமாகட்டும் என்று வேலையை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, டபுள் கெப். 3எல் என்ஜின், 2,779 சிசி, டர்போ இல்லாத டீசல். முன்னுக்கும் பின்னுக்கும் முழு எக்சல், நான்கு மூலையிலும் வில் தகடு. முன் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டுகிற வகை. 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த வண்டிகளின் விலை ஏறியது. எனக்குக் களுவாஞ்சிகுடியில் வீடு, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல். மாரியில் வட்டைப் பாதை சேறானால் மோட்டார் சைக்கிளும் போகாது, ட்ராக்டரை ஒவ்வொரு முறையும் கேட்கவும் முடியாது. உரமும் விதைநெல்லும் ஏற்றிக்கொண்டு குருமண்வெளியில் பாதையேறி (வாவியைக் கடக்கிற மிதவை) மண்டூர்ப் பக்கம் இறங்கி வயல் வாடி வரைக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும். அதற்காகத்தான் வாங்கினேன்.

முன்னர் வைத்திருந்தவர் வாகரைப் பக்கம் கடற்கரையில் மீன்பெட்டி ஏற்றி ஓடியிருக்கிறார். அதனால் முதலில் பார்த்தது சேஸிஸ். பின் வில் தகடு தொங்குகிற இடத்தைச் சுற்றியும், தட்டின் அடிப்பக்கக் குறுக்குச் சட்டங்களிலும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், உள்ளே துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும். என் வண்டியில் இடது பின் தொங்கலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சத்தம் மாறியது. அதை வெட்டி 4 மில்லிமீற்றர் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். மற்ற இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை நிறுத்தும் அமிலம் பூசி, காய்ந்த பிறகு ரெட் ஒக்சைட் அடித்தோம். சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம் தூரிகைக்கு எட்டாது. சட்டத்தில் உள்ள ஓட்டைகளால் சின்னக் குழாயை விட்டுக் கிறீஸ் கலந்த ஒயிலைப் பீச்சினோம். கடலோரம் ஓடிய வண்டிக்கு வெளியில் தெரிகிற துருவை விட உள்ளே இருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

அடுத்தது ஒயில்கள். என்ஜின், கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்பர் பொக்ஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிறது), முன் டிஃப், பின் டிஃப் என ஐந்து இடம். இதில் ஒரு பழக்கத்தை விடவே கூடாது: அடி நட்டைக் கழற்றுவதற்கு முன்னர் நிரப்புகிற நட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் அந்த நட்டு இறுகிக் கிடந்தால், அடியால் ஒயிலை விட்ட பிறகு மேலால் ஊற்ற வழியில்லாமல் வண்டி அதே இடத்தில் நிற்கும். இந்த டிஃப்களுக்கு 24 மில்லிமீற்றர் சொக்கட். பின் டிஃப்பின் நிரப்பு நட்டு அசையவே இல்லை. இரவு துரு இளக்கி அடித்து வைத்து, காலையில் இரண்டடிக் குழாயைச் சொக்கட் பிடியில் செருகி அமத்தியதும் விட்டது.

பின் டிஃப் ஒயில் கறுப்பு, பிசகு இல்லை. முன் டிஃப்பைத் திறந்ததும் பால் தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. தண்ணீர் கலந்து அடிபட்ட கியர் ஒயில். கடற்கரை வண்டி, முன்னர் இருந்தவர் கவனிக்கவில்லை என்று நினைத்து, கழுவி வேறு ஒயில் ஊற்றினேன். 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம். டிஃப்புக்கு ஜிஎல்-5 வேண்டும். கியர் பொக்ஸுக்கு நான் ஜிஎல்-4 போட்டேன், உள்ளே இருக்கிற பித்தளை வளையங்களுக்கு அது பாதுகாப்பு.

மழை தொடங்கி வட்டைக்கு இரண்டொரு தரம் போய் வந்த பிறகு திறந்தால், திரும்பவும் அதே நிறம்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க முழு ஒயிலையும் இறக்கத் தேவையில்லை. வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். ஒயிலை விடத் தண்ணீர் பாரம், அடிக்கு இறங்கிவிடும். காலையில் என்ஜினைத் தொடாமல் அடி நட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் வருவது எதுவென்று தெரியும். வெள்ளைக் கோப்பையில் பிடித்தால் இன்னும் தெளிவு. என் கோப்பையில் முதலில் சேர்ந்தது தண்ணீர்தான்.

காரணம் தேடியபோது நான் முதலில் பிடித்தது மூச்சுக்குழாய். ஓடிச் சூடான எக்சல் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும், வெளியில் இருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். டிஃப்பின் மேல் இருக்கிற சின்ன மூடி காற்றை வெளியே விடும், உள்ளே எடுக்காது. சேறு ஏறி அடைத்துவிட்டால் வெளியேயும் விடாது. அப்போது இழுபடுகிற இடம் ஒயில் சீல்தான். சரி, மூடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹோஸ் பூட்டி, காற்றை உயரத்தில் இருந்து எடுக்க வைக்க வேண்டும். பழைய மூடியை லேத்துக்குக் கொண்டுபோய் அதே புரியில் பித்தளை நிப்பிள் நான்கு கடைந்து வாங்கினேன், இரண்டு டிஃப், கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்பர் எல்லாவற்றுக்கும். 8 மில்லிமீற்றர் டீசல் ஹோஸை சேஸிஸ் வழியே கொண்டுபோய், முன்னால் வருவதை பொனட்டுக்குள் தீச்சுவர் (என்ஜினுக்கும் கெப்புக்கும் இடையில் இருக்கிற சுவர்) உச்சியில் கட்டினேன். பின் எக்சல் ஹோஸுக்குத் தொய்வு கொடுக்க வேண்டும், வில் முழுக்க இறங்கும்போது இழுபடக்கூடாது. நுனியில் சின்ன டீசல் பில்டரைச் செருகினால் தூசி போகாது.

இது நல்ல வேலை, எல்லா வண்டிக்கும் செய்ய வேண்டியது. ஆனால் என் வண்டியின் நோய் இதோடு தீரவில்லை. அடுத்த முறை தண்ணீர் குறைவாக இருந்தது, ஆனாலும் இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு கரைச்சல். தார் ரோட்டில் 60 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டி ஒரு குழியில் ஏறினால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் உதறத் தொடங்கும், வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். சில்லுகளை பலன்ஸ் பண்ணினேன், மாற்றமில்லை. ஸ்டியரிங் டம்பர் போடச் சொன்னார்கள், விலையும் கேட்டு வைத்திருந்தேன். வாங்குவதற்கு முன்னர் காத்தான்குடியில் பழைய டொயோட்டா வேலை செய்கிற நானாவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். டிஃப் ஒயில் கதையையும் சொன்னேன். அவர் குனிந்து முன் சில்லுக்குப் பின்னால் இருக்கிற உருண்டையை விரலால் துடைத்தார். விரல் நிறைய கருஞ்சாம்பல் நிறத்தில் கூழ்.

“தம்பி, ஒயில மாத்தி மாத்தி ஊத்தி என்ன பிரயோசனம்? தண்ணி எதால போகுதெண்டு பாருங்க. இந்த உருண்டையில எப்பவும் மெல்லிசா கிறீஸ்தான் இருக்கணும். இது கிறீஸா?”

“அப்ப டம்பர் போட்டா உதறல் நிக்காதா நானா?”

“டம்பர் உதறல மறைக்கும். நிப்பாட்டாது. ரெண்டும் ஒரே வருத்தம்தான், நக்கிளக் கழட்டுங்க.”

முழு எக்சல் உள்ள பழைய டொயோட்டாவில் முன் சில்லு திரும்புவது நக்கிளில். எக்சல் நுனியில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி நக்கிள் வீடு, மேலும் கீழும் ஒவ்வொரு பெயரிங். உருண்டைக்குள்ளே சிவி ஜொயிண்ட் (சில்லு திரும்பினாலும் இழுவையைக் கொண்டுபோகிற மூட்டு), அது கிறீஸில் கிடக்க வேண்டும். டிஃப்பின் ஒயில் அங்கே வராமல் மறிப்பது உள் ஒயில் சீல். வெளித் தண்ணீர் உருண்டை வழியே ஏறாமல் மறிப்பது வைப்பர் சீல். வைப்பர் சீல் தேய்ந்தால் தண்ணீர் நக்கிளுக்குள் வரும். உள் சீலும் போயிருந்தால் அந்தத் தண்ணீர் டிஃப்புக்கே போகும், டிஃப் ஒயில் இங்கே வந்து கிறீஸைக் கரைக்கும். பெயரிங் தேய்ந்து நக்கிள் ஆடினால் ரோட்டில் உதறல். என் வண்டியில் மூன்றும் சேர்ந்து இருந்தன.

சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்தது. இரண்டு பக்கத்துக்குமான சீல், கஸ்கட் கிட் 24,000 ரூபாய். நக்கிள் பெயரிங் நான்கு, ஒன்று 5,500 வீதம் 22,000. மலிவான கிட்டும் இருந்தது. அதில் உள் சீலின் உதடு கையில் பிடிக்கும்போதே விறைப்பாக இருந்ததால் எடுக்கவில்லை. இரண்டு நாள் வேலையை ஒரு சீலுக்காகத் திரும்பச் செய்ய முடியாது. 54 மில்லிமீற்றர் ஹப் சொக்கட்டையும் 3,500 கொடுத்து வாங்கினேன். ஹப் நட்டைப் பார்த்தபோது அந்தச் செலவு சரிதான் என்று தெரிந்தது. சுற்றிவர உளித் தழும்பு. சொக்கட் இல்லாதவர்கள் உளியும் சுத்தியலும் வைத்து அடித்துக் கழற்றி, அதே மாதிரி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் பெயரிங்கின் இறுக்கம் குருட்டுக் கணக்குத்தான்.

நானா கழற்ற, நான் பக்கத்தில் நின்று கழுவினேன். கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் வில் தகட்டில் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. ஹப்பின் நட்டுகளுக்குக் கீழே கூம்பு வொஷர்கள் இருக்கும், அவை இறுகிப் பிடித்திருக்கும். நெம்பினால் வராது. நட்டை நுனி வரை தளர்த்திவிட்டு, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் பித்தளைக் கட்டை வைத்து ஓங்கி ஓர் அடி கொடுத்தால் துள்ளி வெளியே வரும். ஸ்பிண்டிலைக் கழற்றியதும் தண்ணீரும் ஒயிலும் கிறீஸும் கலந்த கூழ் கீழே வைத்த தட்டில் ஊற்றியது. சிவி ஜொயிண்டை இழுத்து எடுக்கும்போது அதன் தட்டைப் பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருண்டையின் வாயில் முட்டும்.

மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்ததில் ஜொயிண்டின் குண்டுகளில் லேசான துருப்புள்ளி, ஆனால் ஓடுபாதையில் வெட்டு இல்லை. தப்பியது. நக்கிள் பெயரிங்கின் வெளி வளையத்தில் உருளைகள் நின்ற இடமெல்லாம் குழி. நேராக ஓடும்போது உருளைகள் எப்போதும் அதே இடத்தில் இருந்து இடிபடுவதால் வருகிற குழி அது. உருண்டையின் மேல்முகத்தில் துரு கிள்ளியிருந்த இடங்களை மெல்லிய நீர்த்தாளால் ஒயில் போட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். அந்தக் கிள்ளல்தான் புது வைப்பர் சீலையும் அறுக்கும், இதில் அவசரப்படக்கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

பூட்டும்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி நக்கிள் பெயரிங்கின் இறுக்கத்தை அளந்தது. மேல் மூடிக்கும் வீட்டுக்கும் இடையில் ஷிம் தகடுகள் இருக்கும், 0.1, 0.2, 0.5, 1 மில்லிமீற்றர் அளவுகளில். தகட்டைக் குறைத்தால் பெயரிங் இறுகும், கூட்டினால் தளரும். எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்று கழற்றும்போதே பேப்பரில் சுற்றி எழுதி வைத்திருந்தோம். வைப்பர் சீல், ஜொயிண்ட், ஸ்டியரிங் தண்டு எதுவும் பூட்டாமல் நக்கிளை மட்டும் பூட்டி, நக்கிளில் ஸ்டியரிங் தண்டு பூட்டுகிற ஓட்டையில் தராசைக் கொளுவி இழுத்தால் நக்கிள் அசைகிற நேரம் மூன்றுக்கும் ஆறு கிலோவுக்கும் இடையில் காட்ட வேண்டும். தராசு மீன் சந்தையில் தொங்கவிட்டு நிறுக்கிற ஸ்பிரிங் தராசுதான். முதலில் ஒரு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். இடது பக்கம் பழைய தகடுகளோடு இரண்டைத் தாண்டவில்லை. 0.1 தகடு ஒன்றை எடுத்தோம், நாலரைக்கு வந்தது. வலது பக்கம் இருந்தபடியே நாலு காட்டியது, தொடவில்லை. சந்தைத் தராசின் முள் நிதானமாக ஏறி, நக்கிள் அசைந்ததும் சட்டென்று விழுகிறதைக் கண்ணால் பார்த்தால், இந்த வேலையை ஏன் ஊகத்தில் செய்யக்கூடாது என்பது விளங்கும்.

ஜொயிண்டுக்கு மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸ், நக்கிள் வீட்டில் முக்கால் பங்கு வரை. ஹப் பெயரிங்குக்கு வேறு, லித்தியம் கிறீஸ், உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு இடையால் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அமத்த வேண்டும். ஹப் நட்டை முதலில் 60 நியூட்டன் மீற்றர் இறுக்கி, ஹப்பை இரண்டு பக்கமும் சுற்றிவிட்டு, முழுக்கத் தளர்த்தித் திரும்ப அளவாக இறுக்கி, பூட்டுத் தகட்டின் காதை மடக்கினோம்.

டைமிங் பெல்ட்டை இதற்கு முன்னரே மாற்றியிருந்தேன். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று டாஷில் ஒரு விளக்கே எரியும். ஆனால் மீற்றரை நம்ப முடியாத வண்டியில் அந்த விளக்கையும் நம்ப முடியாது. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் எல்லாம் 38,000. டீசல் பில்டருக்கு அடியில் இருக்கிற தண்ணீர் பிரிப்பானைத் திறந்ததில் கால் கோப்பை தண்ணீர் வந்தது. பின் பிரேக் சிலிண்டர் ஒன்று கசிந்தது, இரண்டு பக்கமும் மாற்றினேன்.

முன் எக்சல் வேலையின் கணக்கு: கிட் 24,000, பெயரிங் 22,000, சொக்கட் 3,500, கிறீஸ் 4,500, மாற்றி மாற்றி ஊற்றியது உட்பட கியர் ஒயில் 24,000, ஹோஸ் 3,600, நிப்பிள் 4,000, கூலி 18,000. எல்லாம் 103,600 ரூபாய். வண்டி வாங்கிய புதிதில் ஆட்கள் சொன்னதெல்லாம் 31 அங்குல அகல டயர், கூரையில் விளக்கு, ஸ்நோர்கல். அந்த டயர் நான்கே அப்போது இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. படுவான்கரைக் களிமண்ணில் அகல டயர் மேலே மிதந்து வழுக்கும் என்பது என் அனுபவம். ஒடுக்கமான டயர் சேற்றை அறுத்து அடியில் இருக்கிற கெட்டி மண்ணைப் பிடிக்கும். 7.50-16 அளவிலேயே இருக்கிறேன். பழைய டயர்களில் பூ (மேல் வெட்டு) இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு ஆண்டு. எனக்கு வந்த டயரில் ஒன்று 2012 காட்டியது, பூ நிறைய இருந்தும் எறிந்தேன்.

ஸ்நோர்கல் (என்ஜினுக்கு உயரத்தில் இருந்து காற்றெடுக்கிற குழாய்) எனக்கு வேண்டாம். கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறினால் சனம் படகில்தான் போகிறது. ஓடுகிற வெள்ளத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் வேகம், ஸ்நோர்கல் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அதற்கு மருந்தில்லை.

கூட்டிப் பூட்டியது ஒன்றுதான்: முன்னுக்கும் பின்னுக்கும் இழுவைக் கொக்கி. 12 மில்லிமீற்றர், 8.8 தர போல்ட் இரண்டு வீதம், சேஸிஸில் நேரே. வட்டையில் புதைந்தால் இழுக்க ஒரு ட்ராக்டர் எப்படியும் வரும். ட்ராக்டர்காரர் கயிற்றை பம்பரிலோ வில் தகட்டிலோ கட்டாமல் இருக்கக் கட்டுகிற இடம் முதலில் வண்டியில் இருக்க வேண்டும்.

திரும்ப ஒரு பழைய வண்டி வாங்கினால் பேரம் பேசுவதற்கு முன்னரே உருண்டையை விரலால் துடைத்துப் பார்ப்பேன், முன் டிஃப் அடி நட்டை ஒரு துளிக்குத் தளர்த்திப் பார்க்கக் கேட்பேன். மூச்சுக்குழாயையும் நக்கிளையும் ஒரே தடவையில் செய்வேன், ஒயில் பாதி மிச்சமாகும். பிரேக் ஹோஸ்களையும் நக்கிள் கழற்றியிருந்த நேரமே மாற்றியிருக்கலாம், இப்போது அதற்காகத் திரும்பச் சில்லுக் கழற்ற வேண்டும். உதறல் முற்றாக நின்றது, டம்பர் வாங்கவில்லை. உருண்டையை ஒவ்வொரு முறை வட்டையால் வந்ததும் துணியால் துடைக்கிறேன். வலது பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் ஒயில் வாடை அடிக்கிறது, பழைய மிச்சமா புதுக் கசிவா என்று சூடுமிதிப்பு (கதிரடிப்பு) முடிந்ததும் ஒருதரம் அடி நட்டைத் திறந்து பார்க்க இருக்கிறேன்.